அம்மாவின் கதையைத் தொடராக்கிய அண்ணனுக்கு

பிரியமுள்ள அண்ணா,

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. உன்மேல் இருக்கும் கோபம் வழிவிட்டால்தானே அழுகை வரும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் பழைய நாடகக் குழு உனக்குப் படத்திறப்பு வைத்திருக்கிறது. என்னையும் பேசச் சொல்கிறார்கள். உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறையவே இருக்கிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

தவளக்குப்பத்தில் நாடகம் போட்டோமே, நினைவிருக்கிறதா? உனக்கு நொண்டி வேஷம். ஒத்திகையில் நீ நடந்து காட்டினால் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அன்றைக்கு மேடையில் நேராக நடந்தாய். திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான் பதறிப்போனேன். "ஏண்ணா, நொண்ட மறந்துட்டியா?" என்று கேட்டேன்.

"முன்னாடி ஒருத்தரு கால் வெளங்காம உக்காந்துக்கிறாருடி. பொண்டாட்டி புள்ளையோட வந்துக்கிறாரு. அவர வச்சி நான் கைதட்டு வாங்கணுமா?" என்றாய்.

அந்த மனுஷன் சென்னைக்குப் போய் எங்கே தொலைந்தான்?

சின்னச் சின்ன வேஷம் போட்டாய். பிறகு நீயே தொடர் தயாரித்தாய். திரையில் உன் பெயர் வரும்போதெல்லாம் அம்மா எழுந்துபோய் அதைத் தொட்டுப் பார்ப்பாள். மூன்றாவது தொடரில் கதாநாயகி மீன்காரி என்றதும், உழவர்கரை வீட்டில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "என் புள்ள என்னத்தான் எடுத்துக்கிறான்" என்று அவளுக்குப் பெருமை.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு புருஷன் கிளம்புகிறான். "போய்த் தொல!" என்று மீன்காரி கத்துகிறாள். படகு திரும்பவே இல்லை.

அம்மா டிவியை நிறுத்தினாள். அப்பா கடைசியாகக் கடலுக்குப் போன காலையில் அவள் அப்படிச் சொன்னது எனக்கே தெரியாது அண்ணா. உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். நான் அதை, ஊரோடு சேர்ந்து டிவியில் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் பெரிய மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரி கேட்டாளாம்: "இன்னாக்கா, நீதான் அனுப்பி வச்சியாமே?" அம்மா மீனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு மார்க்கெட் பக்கமே போகவில்லை.

உனக்குப் போன் போட்டேன். "கததானடி. பேர மாத்திட்டேன், ஊர மாத்திட்டேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றாய்.

"அம்மாவுக்குத் தெரியும்ல?"

"இது முடியட்டும். நானே வந்து அம்மாகிட்ட பேசறேன்" என்றாய். அது முடிந்தது, அடுத்தது ஆரம்பித்தது. படப்பிடிப்பில் மயங்கி விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. வந்து பேச உனக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லையா? இல்லை, பயமா?

உன் உடம்புக்குப் பக்கத்தில், மீன்காரியாக நடித்த பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்க கதையாலதாம்மா எனக்குப் பேரு கெடச்சுது" என்றாள். அப்படியென்றால் யாரிடமெல்லாம் சொல்லியிருந்தாய்?

இப்போது உனக்கு அஞ்சலி என்று அதே தொடரை மறுபடி போடுகிறார்கள். போன வாரம் டிவிக்காரர்கள் கேமராவோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் துரத்தியிருப்பேன். அம்மாதான், "வரட்டும்டி" என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்து பேசினாள்.

"போய்த் தொலன்னு நான் சொன்னது நெசந்தான். அதுக்கு அவரு சிரிச்சாரு. 'சாயங்காலம் வந்து தொலையறேன், கொழம்பு வையி'ன்னுட்டுப் போனாரு. அத்த ஏன் நீங்க காட்டல?"

ஒளிபரப்பில் அம்மாவின் கண்ணீர் மட்டும் வந்தது. இந்தப் பேச்சை வெட்டிவிட்டார்கள்.

"அப்பா சிரிச்சத அண்ணங்கிட்ட சொன்னியாம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னேனே. அத்த வுட்டுட்டு எப்படிடி சொல்லுவேன்?"

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களுக்கு முன்னாலேயே நீ வெட்டியிருக்கிறாய். சிரித்துக்கொண்டு போகும் புருஷன் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு அழுகை குறையும் என்று நினைத்தாயா? அம்மா இத்தனை வருஷம் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதானே அண்ணா உயிரோடு இருந்தாள்!

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் என்னோடு வருகிறாள். உன் படத்துக்கு முன்னால் நின்று, அப்பா சிரித்ததையும் குழம்பு கேட்டதையும் ஒரு சொல் விடாமல் சொல்லப்போகிறேன். உன் பேர் என்ன ஆகும் என்று யோசிக்க மாட்டேன். சொல்லி முடித்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, உனக்காக அழுவேன். இது சத்தியம்.

அப்பாவின் சாயலை உன் முகத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்த உன் தங்கச்சி,
செல்வி