ஐந்து கோடுகள்

அன்புள்ள அண்ணைக்கு,

நடந்ததை நடந்தபடியே, ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நீங்கள் மெல்பேர்ணிலிருந்து அனுப்பிய போர் விமானிகள் புத்தகத்தை இரண்டு முறை வாசித்துவிட்டேன். பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக ஒரு சண்டை விமானம் வரைந்து, அதன் பக்கத்தில் ஐந்து கோடுகளும் போட்டேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"உது என்ன கோடு, பிள்ளை?"

"சுட்டு விழுத்தின ஒவ்வொரு விமானத்துக்கும் ஒண்டு, அம்மா. அஞ்சு விழுத்தினால்தான் பெரிய வீரன்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப எங்கடை வாழைத் தோட்டத்திலை குண்டு போட்டவன் எத்தினை கோடு போட்டிருப்பான்? என்ரை தங்கச்சியவை ரெண்டு பேரும் ஒரே பங்கர்க் குழிக்கைதான் ஒளிச்சிருந்தவை. ஒண்டோ, ரெண்டோ?"

காய்ச்சலில் இறந்ததாக நமக்குச் சொன்ன சின்னம்மாக்கள், அண்ணை. சாமியறைப் படத்தில் ரிபன் கட்டி நிற்பவர்கள்.

புத்தகம் முழுக்கத் தேடினேன். அம்மாவுக்குச் சொல்ல அதில் ஒரு பதிலும் இல்லை. கோடுகளை அழித்தேன், தாளில் தடம் போகவில்லை. இரண்டாம் பாகம் வாங்கியிருந்தால் உங்களிடமே இருக்கட்டும்.

பலாலி விமான நிலையத்துக்கு வரும் விமானத்தின் இரைச்சல் கேட்டால் அம்மா விளக்கை அணைப்பாரே, நினைவிருக்கிறதா? "அம்மாவுக்கு இன்னும் சண்டை முடியேல்லை" என்று நீங்கள் பகிடி விடுவீர்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இன்று பொழுதுபடும் நேரம் அந்த இரைச்சல் கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எழும்புவதற்கு முன்பே நான் ஓடிப்போய் வீட்டின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டேன்.

உங்கள் தங்கை