அண்ணையின் இடது தோள்

ஈஸ்ட் ஹாம், இலண்டன்
24.3.1994, வியாழன்

அன்புள்ள அண்ணை,

நீங்கள் அனுப்பிய வீடியோவில் நான் முதலில் கண்டது உங்கள் ஓட்டத்தை அல்ல. ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும் முன்பு உங்கள் வலது கை மெல்ல உயர்ந்து இடது தோளை ஒருதரம் தொட்டுவிட்டு இறங்குகிறது, அதைத்தான். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அந்த அமெரிக்கக் குளிரிலும் ஃபுட்போல் இடிபடுதலிலும் உங்களுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று போன வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். வேலைக்குப் பாவிக்கும் மருந்துத் தண்ணீர் பட்டு அம்மாவின் விரல்கள் வெடித்துப் போயிருக்கின்றன, பேனை பிடிக்க ஏலாது என்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

சோறு சமைக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொல்கிறார். பாணையும் இறைச்சியையும் மட்டும் தின்றால் வயிறு புண்ணாகிவிடுமாம், ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு பருப்பு வைத்துச் சாப்பிட வேண்டுமாம். குளியலறைச் சுவரில் ஈரம் ஊறுவதைக் கவுன்சில் ஆள் மூன்றாம் முறையும் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டான், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இருந்தும் கடிதம் வரவில்லை, நிரந்தரமாக இருக்கும் அனுமதி இந்தக் கோடைக்குள் கிடைக்கும் என்று லோயர் சொல்லியிருக்கிறார், அதுவரை ஒரு தாளையும் தொலைக்காமல் வைத்திருக்கச் சொன்னாராம். இரவு ஷிப்டை விட்டு அம்மா மாலை ஷிப்டுக்கு மாறிவிட்டார், லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கத்தில் அதே கட்டடம்தான், ஏழு மாடி. மாடிப்படி ஏறி வந்தால் அன்று முழுக்க முழங்காலைத் தடவிக்கொண்டு இருக்கிறார். உனக்கு அங்கே வேலை சரி வந்தால் இந்தத் துடைக்கிற வேலையை விட்டுவிடுவேன், தங்கச்சியையும் திரும்பப் படிக்க விடுவேன் என்று எழுதச் சொல்கிறார், எழுதிவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய பத்திரிகைத் தாளை அம்மாவுக்கு வாசித்து விளக்கினேன். கல்லூரிகளில் உங்கள் இடத்தில் விளையாடும் பதினொரு பேரை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள், அதில் நீங்கள் எட்டாவது என்றேன். முதல் ஏழு பேரை அடுத்த மாதம் பெரிய அணிகள் நிச்சயம் எடுக்கும், மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்ல ஏலாது என்று நீங்கள் எழுதியதையும் சொன்னேன். உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, நாற்பது யார்டு தூரத்தை எத்தனை செக்கனில் ஓடுகிறீர்கள், உள்ளங்கை எவ்வளவு அகலம் என்று எல்லாம் அளந்து போட்டிருப்பதைக் கேட்டுவிட்டு அம்மா, கலியாணம் பேசி வாறவையும் இவ்வளவு கேக்கிறேல்லை, உள்ளங்கையை ஏன் அளக்கினம், சாத்திரம் பாக்கவோ என்று கேட்டார். சிரித்தோம். உங்களைப் பற்றி அவர்கள் எழுதியிருந்ததில் எனக்குப் பிடித்த வரி ஒன்று இருக்கிறது. கால் வேகம் நடுத்தரம், ஆளைக் கணிக்கும் கண் நல்லது, நான்கு வருடத்தில் ஒரு போட்டியைக்கூட காயத்தால் தவறவிடாதவர் என்று. அந்தக் கடைசிப் பகுதியைத்தான் அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

இந்த இடத்தில் அம்மா நாலரை மணி என்று எழும்பிவிட்டார். மிச்சத்தை நீயே எழுதி முடி, வழக்கம்போல என்ரை ஆசீர்வாதத்தைப் போடு என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இனி எழுதுவது அவர் சொல்லாதது, அவர் பார்க்காதது. நீங்களும் போனில் கேட்டுவிட வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. அமெரிக்கக் குரல். ஒரு பெரிய அணிக்கு ஆள் தேடிக் கொடுப்பவராம், அணியின் பெயரை இரண்டு தரம் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை, மூன்றாம் தரம் கேட்க வெட்கமாக இருந்தது. கல்லூரியில் இருந்து எங்கள் நம்பரை வாங்கியிருக்கிறார். அம்மாவுடன் பேச வேண்டும் என்றார், அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, நான் சொல்கிறேன் என்றேன். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் மகனை எங்கள் பட்டியலில் வைத்திருக்கிறோம், படத்தில் பார்த்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு இடது தோளைத் தொடுகிறார், கல்லூரி வைத்தியர் ஒன்றுமில்லை என்கிறார், சின்ன வயதில் அந்தத் தோளில் காயம் ஏதும் பட்டதா என்று கேட்டார். நான் அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

அண்ணை, அம்மாவின் முகம் எப்படி மாறியது என்று உங்களுக்குத் தெரியும், குரோய்டனில் அகதி விசாரணை நடந்த நாளில் நீங்கள்தான் அவருக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். கதிரையில் நிமிர்ந்து இருந்து, சேலையைத் தோளோடு இழுத்துவிட்டு, குரோய்டனில் சொன்னதை முதலில் இருந்து சொல்லத் தொடங்கிவிட்டார். பள்ளிக்கூடத்து மதிலில் ஷெல் விழுந்தது, சிதறிய துண்டு இடது தோளில் ஏறியது, வைத்தியசாலையில் மருந்து இல்லை, ஆறு மாதம் கையைத் தூக்க ஏலாமல் கிடந்தான், குளிர் வந்தால் இப்பவும் நோகும் என்று. அங்கே போய்ச் சொல்ல எங்களுக்குப் பழக்கித் தந்தது அதுதானே. ஒரு தழும்பையும் மறைக்க வேண்டாம், எத்தனை நாள் படுத்தான் என்பதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், காயம் பெரிதாக இருந்தால்தான் இருக்க விடுவார்கள் என்று, அகதிக் கேசுகளுக்கு உதவி செய்யும் கிறிஸ்துராஜா அண்ணை எங்கள் குசினி மேசையில் இருந்து எத்தனை நாள் பாடமாக்க வைத்தார். எழுதிக்கொண்டு எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் அம்மாவுக்கு அவர் குரோய்டன் ஆள்தான்.

நான் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. பத்து வயதில் லோயரின் அறையில் எனக்குச் சொன்னது, அம்மா சொல்வதை மட்டும் சொல், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், உன்னுடையதை இடையில் போடவே வேண்டாம் என்று. அன்றிலிருந்து டொக்டரிடமும் கவுன்சிலிடமும் அப்படித்தான் வாயைத் திறக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இருந்து நான் நிற்கப் போகிறேன் என்று டீச்சரிடம் சொன்னதும் அம்மாவின் வார்த்தைகளில்தான், அம்மா பக்கத்தில் இருந்து சொல்ல நான் என்னைப் பற்றி மொழிபெயர்த்தேன். செவ்வாய்க்கிழமையும் அதே பழக்கம். ஆறு மாதம் என்று சொன்ன உடனே அந்தப் பக்கத்தில் எழுதும் சத்தம் நின்றுவிட்டது. பிறகு நீங்கள் பட்ட துன்பத்துக்கு மிகவும் வருந்துகிறேன் என்றார், ஏதும் இருந்தால் அழைக்கச் சொல்லி நம்பர் தந்தார், வைத்துவிட்டார். போனை வைத்ததும் அம்மா, பாத்தியே, மனுசன் இரங்கிப்போனான், இனிப் பயமில்லை பிள்ளை என்றார். அன்று அவர் முழங்கால் நோ என்று ஒருதரமும் சொல்லவில்லை. நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

உடையாத ஆள் என்று எழுதியிருந்த ஒரே ஒரு நல்ல வரியை நானே என் வாயால் அழித்துவிட்டேன் என்பது பாதிக் கழுவும்போதுதான் எனக்கு விளங்கியது. குரோய்டனில் எது எங்களை உள்ளே விட்டதோ அது உங்களை அங்கே வெளியே விடும். எடுபடாவிட்டால் படிப்பு முடிந்ததும் விசா முடியும், இங்கே வந்து வேர்ஹவுசில் பெட்டி தூக்க வேண்டும் என்று கிறிஸ்மசுக்கு நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. உங்கள் மாணவர் விடுதிக்குப் போன் செய்தேன், யாரோ எடுத்து நீங்கள் அணிகளுக்கு ஓடிக் காட்டும் பயிற்சிக்கு வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார், பெயர் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

நேற்றும் இன்றும் வேலை இடைவேளையில் உங்கள் வீடியோவை முழுவதும் பார்த்தேன். எங்கள் வீட்டு மெஷினில் அமெரிக்க டேப் சாம்பல் கோடாகத்தான் ஓடுகிறது, நான் வேலை செய்யும் அம்பலவாணன் அண்ணையின் கடையில் படங்கள் பிரதி எடுக்கும் மெஷின் எந்த நாட்டு டேப்பையும் காட்டும். நான் அங்கே கல்லாவில் நிற்பதில்லை என்பது தெரியும்தானே, பின்னால் வீடியோப் பெட்டிகளுக்குள்தான் இருக்கிறேன், அதனால் அவருக்கும் தொந்தரவில்லை. அவர் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, தலையில சட்டியைக் கவிட்டுக்கொண்டு ஓடுறாங்கள், இந்தப் படத்தில கதாநாயகி எப்ப பிள்ளை வருவா என்று கேட்டார். பிறகு அவரும் பத்து நிமிடம் நின்று பார்த்தார், எல்லாரும் முன்னுக்கு முட்டுப்படேக்கை உன்ரை கொண்ணன் மட்டும் ஏன் பின்னாலை தனிய நிக்கிறான், சண்டையோ என்றார். முன்னால் நிற்பவர்கள் எல்லோரையும் தாண்டி ஒருவன் வந்தால் அவனை விழுத்தக் கடைசியாக அண்ணைதான் இருக்கிறார், அந்த இடத்துக்குச் சேஃப்டி என்று பெயர் என்று சொன்னேன். ஒரு ஆளிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியது எனக்கே புதினமாக இருந்தது.

நான் ஒரு தாளில் கோடு போட்டு எழுதிக்கொண்டு பார்த்தேன். வீடியோவில் இருக்கும் இரண்டு போட்டியிலும் சேர்த்துப் பதினேழு தரம் நீங்கள் ஆளைப் பிடித்து விழுத்தியிருக்கிறீர்கள், அதில் பதினொரு தரம் இடது தோளால் இடித்து. விழுத்திவிட்டு எழும்பும்போதும் இடது கையை ஊன்றித்தான் எழும்புகிறீர்கள். மற்ற அணியில் உங்கள் இடத்தில் நின்ற இருபத்தேழாம் நம்பர் உங்களை விட வேகம், உண்மையைச் சொன்னால் நல்ல வேகம், ஆனால் பந்தை எறிபவன் தலையைத் திருப்பினால் அவனும் அந்தப் பக்கம் ஓடிவிடுகிறான். நீங்கள் தலையை நம்புவதில்லை, இடுப்பைப் பார்த்து நிற்கிறீர்கள். இரண்டே இரண்டு தரம்தான் பிந்தினீர்கள், இரண்டு தரமும் முன்னே வராமல் ஒரு அடி பின்னே வைத்ததால். அதைத் திருத்தப் பாருங்கள்.

நீங்கள் தோளைத் தொடுவது நோவால் இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவின் பழைய சட்டைத் துணியில் திருநீற்றை வைத்துச் சின்னப் பொட்டலமாகத் தைத்தது நான்தானே, தோள் கவசத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டு விளையாடுவேன் என்று நீங்கள் சொன்னீர்கள், அது விழவில்லையா என்று பார்க்கிறீர்கள். அம்மாவுக்கு அது உங்கள் சூட்கேசுக்குள் இருப்பதாகத்தான் நினைப்பு. செவ்வாய்க்கிழமை அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அது அம்மா சொன்னது இல்லை.

ஆறு மாதம் என்பது சரியில்லை என்று அந்த மனிதரிடம் சொல்லவும் எனக்குப் பயம். அது குரோய்டன் பைலில் அம்மாவின் கையெழுத்தோடு இருக்கிறது, கடிதம் வரவேண்டிய நேரம் இது. எத்தனை நாள் நீங்கள் படுத்திருந்தீர்கள் என்று எனக்கு உண்மையில் தெரியாது, எனக்கு அப்போது ஏழு வயது. தெரிந்தது ஒன்றுதான், இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமை ஏணி இல்லாமல் நீங்கள் என்னை இடது தோளில் ஏற்றி நிற்க வைத்து பல்ப் மாட்ட வைத்தீர்கள், நான் முறுக்கி முடியும் வரை அசையவில்லை. அது நான் கண்டது. எனக்குக் களைப்பாக இருக்கிறது அண்ணை, இரண்டு நாளாக நித்திரை சரியில்லை. இந்தக் கடிதம் உங்களிடம் வர எட்டு நாள் ஆகும், அதற்குள் உங்கள் பெயருக்கு நேரே அவர் என்ன எழுதுவாரோ தெரியாது.

எங்கே எந்த வைத்தியர் கேட்டாலும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுங்கள், கதை ஒன்றும் சொல்ல வேண்டாம். பொட்டலம் பிய்ந்திருந்தால் எழுதுங்கள், வேறு தைத்து அனுப்புகிறேன். எங்கே நின்றாலும் நீ விழாமல் நிற்க வேண்டும், நெற்றியில் திருநீறு காயாமல் இருக்க வேண்டும் என்று அம்மா உங்களை வாழ்த்துகிறார், வாசலில் நின்று அவர் சொன்ன வார்த்தை இது, நான் கூட்டவில்லை.

அம்மா கனகாம்பிகைக்காக எழுதும்
உங்கள் தங்கை,
தவமலர்

பி.கு. வெள்ளிக்கிழமை. உறையை இன்னும் ஒட்டவில்லை. இன்று மத்தியானம் மூன்று மணிக்கு, அங்கே காலை நேரம் என்று கணக்குப் பார்த்து, அம்பலவாணன் அண்ணையிடம் கடைப் போனைக் கேட்டேன். அமெரிக்காவுக்கோ என்று கேட்டார், ஓம் என்றேன், வேறு ஒன்றும் கேட்காமல் கடை வாசலுக்குப் போய் நின்றார். அந்த மனிதர்தான் எடுத்தார். என் குரல் அவருக்கு நினைவிருந்தது, அம்மா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, இன்றைக்கு நான்தான் பேசுகிறேன் என்றேன். பிறகு கோடு போட்ட தாளை விரித்து, முதலாவது ஆட்டத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன்.