மூன்றாம் கொட்டில் கதவில் நீ ஒட்டிய காகிதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, இது நானே எழுதுவது. இதுவரை வந்த கடிதமெல்லாம் நான் சொல்ல அம்மா எழுதியது, என் கை நடுங்குகிறது என்று காரணம் சொன்னது பொய். அப்போதெல்லாம் எனக்கு எழுத்தே தெரியாது கண்ணு. கண்ணாடியைக் காணோம் என்று நான் தேடாத நாள் உண்டா, அது சட்டைப் பையில்தான் இருக்கும். பெற்ற மகளிடமே மறைத்தேன். எட்டு மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறேன், கடைப் பலகை, மருந்துச் சீட்டு எதையும் விடுவதில்லை, பஸ்ஸில் சத்தமா படிக்காதீங்க, பக்கத்துல உட்காரவே வெட்கமா இருக்கு என்கிறாள் அம்மா.

போன வாரம் பழைய ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போனேன். நீ ஆராய்ச்சி செய்த, நான் ஆடு பார்த்த அந்த மூன்றாம் கொட்டிலில் இப்போது வைக்கோல்தான் இருக்கிறது. கதவில் நீ ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. என் மகள் எழுத்தாயிற்றே என்று ஆசையாக எழுத்துக்கூட்டினேன். இந்தக் குட்டிகளுக்கு அளந்த பால் தவிர வேறு எதுவும் தரக் கூடாது. கடைசிச் சொல் வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ பரீட்சைக்குக் கிளம்பிய அன்று, கதவுல ஒட்டினதைப் படிச்சிட்டியாப்பா என்றாய், படிச்சிட்டேன், எழுத்து முத்து முத்தா இருக்கு என்றேன். பிறந்த குட்டியின் எலும்பு முதலில் காது மடல் மாதிரி குருத்தாக இருக்கும், அதை வளரத் தூண்டும் பொருளை இரண்டாம் கொட்டிலுக்குப் பாலில் கலக்கிறோம், மூன்றாவதுக்கு வெறும் பால் என்று முன்பே சொல்லியிருந்தாய். மூன்றாம் கொட்டில் குட்டிகளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் ஆடுகள் அடுத்தடுத்து ஈன்றன, நீ திரும்பும்வரை தினமும் சீம்பால் கறந்து புகட்டினேன். அந்தப் பொருள் சீம்பாலிலேயே நிறைய இருக்கிறதாம், இப்போதுதான் மாட்டு டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முழங்கால் குருத்து இரண்டு கொட்டிலிலும் ஒரே தடிமனாக வந்ததும், அலட்சியமா பாலை மாத்திக் கொடுத்திருக்கே என்று பேராசிரியர் உன்னைத்தான் திட்டினார். நீ நோட்டுகளைப் பரணில் போட்டுவிட்டு அந்தப் படிப்பே வேண்டாம் என்று போனாய். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு, விடு என்று உனக்கு ஆறுதல் சொன்னவனும் நான்தான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. ஆறு வருஷமாக உன் கையில் தப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பாய், இல்லை கண்ணு, தப்பு என் கையில்.

இதையெல்லாம் எழுதி நேற்று பேராசிரியர் கையில் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தரம் படித்தார். நீங்களே எழுதினதா என்றார். ஆமாம் என்றேன், சந்தோஷமாக இருந்தது, சந்தோஷப்பட்டதற்கும் வெட்கமாக இருந்தது. உன் பழைய கோப்பை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். பரணில் இருந்த நோட்டுகளை நானும் தூசி தட்டி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் சொல்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள். போனில் திட்டாதே, எழுதித் திட்டு. அம்மாவிடம் கொடுக்க மாட்டேன், எத்தனை நாளானாலும் நானே படிப்பேன். எழுத்தை மட்டும் பெரிதாக எழுது.

உன் அப்பா
(என் கையெழுத்து)