இரண்டாவது சொல்

இல்லை. பார்க்கவில்லை.

நீ கேட்டபோது பார்த்தேன் என்றேன். இரண்டு தடவை கேட்டாய், இரண்டு தடவையும் அதையே சொன்னேன். இரண்டும் பொய், அண்ணா.

இன்று மதியம் அம்மா பீரோவைக் காலி செய்தாள். பாத்திரக்காரிக்குப் போடுபவை ஒரு பக்கம், மாதா கோயிலுக்குக் கொடுப்பவை ஒரு பக்கம். நடுவில் என் பச்சைத் தாவணி. இடுப்பில் வரும் இடத்தில் மிளகளவு ஓட்டைகள். “இது என்னடி, பூச்சியா?” என்றாள்.

பேட்டரி அமிலம் சொட்டிய ஓட்டைகள். பூச்சிதான் என்றேன். இந்த வீட்டில் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது. ஐந்து வருடப் பழக்கம்.

அந்த பேட்டரி மோட்டார் சைக்கிளில் இருந்து கழற்றியது. விளக்கு, பெருங்களத்தூர் மெக்கானிக் ஷெட்டில் உடைத்துப் போட்டிருந்த ஒரு காரின் ஹெட்லைட். இரண்டையும் ஒயர் போட்டு நீயே இணைத்தாய். பேட்டரி துணிப்பையில் என் இடுப்பில் தொங்கும். ஃபோகஸ் லைட் என் வலது கையில். உன் கையில் அப்பா விட்டுப்போன ஒற்றைக்குழல் துப்பாக்கி. பகலில் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்ப்பாய். ஏரிப் பக்கத்து ஊர்களில் நரி ஆட்டுக்குட்டியைத் தூக்கினால் உன்னைத் தேடி வருவார்கள். துணைக்கு வேறு யாரையும் நீ அழைத்துப் போனதில்லை. ஊர்ப் பையன்களுக்கு விளக்குப் பிடிக்கத் தெரியாது, வேடிக்கை பார்க்கத்தான் தெரியும் என்பாய்.

நான் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம். அதற்காக நீ என்னை “புரொபசரம்மா” என்று கூப்பிடுவாய்.

முதல் முறை போனபோதே கேட்டேன். விளக்கு வெளிச்சத்தில் நரி அப்படியே நின்று பார்க்கிறது. நம்மைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. ஓடக்கூடத் தெரியாமல் நிற்பதைச் சுடுவது நியாயமா?

“இல்ல,” என்றாய்.

“அப்புறம்?”

“நியாயமில்லாத வேலைன்னு தெரிஞ்சு செய்யறோம் இல்லையா, அதனாலதான் இவ்வளவு ரூல்ஸ். நியாயமான வேலைக்கு இவ்வளவு வேணாம்.”

உன் ரூல்ஸ். எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. குட்டி போட்டிருக்கும் மாதங்களில் எத்தனை பேர் வந்து அழுதாலும் போகமாட்டாய். வீடுகள் இருக்கும் திசையில் குழலைத் திருப்பமாட்டாய். அடிபட்டு ஓடியதை அப்படியே விட்டுவிட்டு வீடு திரும்பமாட்டாய், விடிந்தாலும் சரி. போகிற ஊரில் பொழுது சாயும் முன்பே வீடு வீடாய்ச் சொல்லிவிடுவாய், குழந்தைகள் உள்ளே, நாய்கள் கயிற்றில்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த இரண்டு சொற்கள். சிக்னல் வேலையிலிருந்து நீ எடுத்து வந்த பழக்கம் அது, ஒருவர் சொல்வதை மற்றவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்வது. இருட்டில் இரண்டு பொட்டு மின்னியதும் நான் “கண்” என்பேன். நீ “கண்” என்பாய். அதோடு சுட்டுவிட முடியாது. நரியின் கண்ணும் நாயின் கண்ணும் விளக்கில் ஒன்றுபோலத்தான் மின்னும். காத்திருக்க வேண்டும். முதுகு, கால், வால் தெரிந்து, இன்னது என்று நிச்சயமான பிறகுதான் நான் “உடம்பு” என்று சொல்லலாம். அந்தச் சொல் வராமல் நீ விசையைத் தொட்டதில்லை. எத்தனையோ இரவுகள் அது வராமல் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம்.

“நீயே பாத்துச் சுட வேண்டியதுதானே?”

“துப்பாக்கி வெச்சிருக்கறவனுக்குச் சுடணும்னு கை அரிக்கும். அவன் கண்ணை நம்பக் கூடாது. விளக்கு பிடிக்கறவங்களுக்கு அந்த ஆசை இல்ல. அவங்கதான் சொல்லணும்.”

விளக்கு பிடிப்பவளுக்கு வேறு ஆசை இருக்கலாம் என்று உனக்குத் தோன்றவில்லை.

பீர்க்கன்கரணையிலிருந்து கன்னியம்மா வந்தது ஒரு சனிக்கிழமை. ஆடு வளர்ப்பவர். கணவர் இல்லை. ஏரியை ஒட்டி ஒரு குடிசை, ஒரு பட்டி, பதினோரு ஆடுகள். இரண்டு குட்டிகள் போய்விட்டன. நீ உட்கார வைத்து விசாரித்தாய். எந்தப் பக்கமிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் வீடு, அங்கே யாராவது வாசலில் படுக்கிறார்களா.

கன்னியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னாம்மா உங்க அண்ணன், நரிய சுட வாப்பான்னா பொண்ணு பாக்க வந்தவனாட்டம் இம்மாங் கேள்வி கேக்குது!”

“நாய் இருக்கா அக்கா?” என்றாய்.

“கீது. டைகர்னு பேரு. பேருதான் டைகரு.”

“கட்டிடுவீங்க இல்ல?”

“கட்டாம? பட்டிகிட்டயே கட்டி வெக்கறேன் தம்பி. நீ வா.”

மூன்று இரவுகள் போனோம். மூன்றாவது இரவு, மறுநாள் எனக்குச் செய்முறைத் தேர்வு. கொசு. பையின் வார் தோளை அறுத்தது. தூக்கிப் பிடித்த கை மரத்துப்போயிருந்தது. ஏரிக்கரைக்குக் கீழே கோரைப் புல்லில் கண் மின்னியது. “கண்,” என்றேன். “கண்,” என்றாய். காத்திருந்தோம். அது அசையவில்லை. நெடுநேரம். புல்லுக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. விளக்கு மங்கத் தொடங்கியிருந்தது. இன்றும் விட்டுவிட்டால் நாளையும் வர வேண்டும் என்று நினைத்தேன்.

கை வலித்தது. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றை ஐந்து வருடமாகத் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை.

“உடம்பு.”

நீ சுட்டாய். கேட்டது நாயின் அலறல்.

நீ என் பக்கம் திரும்பினாய். “பாத்தியா?”

“பாத்தேன். நரி மாதிரிதான் இருந்துச்சு.”

இது முதல் தடவை.

அடிபட்டதை விட்டுப் போகக் கூடாது. கோரைக்குள் இறங்கினாய், நான் பின்னால் விளக்கோடு. பழுப்பு நாய். கழுத்தில் அறுந்த கயிறு. பின்னங்கால்கள் இரண்டும் போயிருந்தன. நீ துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டாய். என்ன செய்ய நினைத்தாய் என்று தெரியாது. தடவிக் கொடுக்க என்று நினைக்கிறேன். அது உன் மணிக்கட்டைக் கவ்வியது. விடுவித்துக்கொண்டு, தோட்டா போட்டு, அதை முடித்தாய். கரைச் சரிவில் கையாலும் கம்பாலும் குழி தோண்டிப் புதைத்தோம்.

விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். கன்னியம்மாவிடம் சொல்லப் போகிறேன் என்றாய். நான் வாசலை மறித்தேன். வேண்டாம் என்றேன். சொன்னால், யார் பார்த்துச் சொன்னது என்று கேள்வி வரும். அதற்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று பயம். என்னைக் காட்டிக் கொடுத்துவிடுவாய் என்றல்ல. கொடுக்கமாட்டாய், எனக்குத் தெரியும். அதைவிட, இவள் உடம்பைப் பார்த்தாளா என்று நீயே உட்கார்ந்து யோசிப்பாய் என்ற பயம்.

நாம் வாசலில் நிற்கும்போதே கன்னியம்மா வந்துவிட்டார். மூச்சு வாங்க. “டைகர நரி இஸ்துகினு பூட்சு தம்பி. கயிற அத்துகினு ஓடிகீது. நீ சுட்டதுல ஒண்ணும் வுழலியா?”

“இல்லக்கா,” என்றாய்.

உன்னிடமிருந்து நான் கேட்ட முதல் பொய். நான் சொல்லித் தந்தது.

கைக்குக் கட்டுப் போட்டாய். அம்மாவிடம் கம்பி கிழித்தது என்றாய். நான் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னேன், அதை மறுக்கமாட்டேன். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும், இந்த நாயைப் பார்க்க வழியில்லை, அதனால் ஊசிதான் என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னேன்.

“நாம சுட்டோம், அது கடிச்சுது. நானா இருந்தாலும் கடிச்சிருப்பேன் புரொபசரம்மா. அதுக்கு வெறி பிடிச்சிருக்கணுமா என்ன? தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. அம்மா பாத்தா எந்தக் கம்பின்னு கேப்பாங்க.”

சிரித்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. புண் ஆறியது. தேர்வில் தேறினேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு காலை, காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோய் நீ கீழே வைத்தாய். மறுபடி எடுத்தாய். மறுபடி வைத்தாய். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாய். அம்மா காய்ச்சல் என்றாள். நான் உன் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது. நான் படித்த படிப்பு அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் பயன்பட்டது. அப்போது அதனால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், எது கடித்தது. நீ என்னைப் பார்த்துவிட்டு “நரி” என்றாய். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். இன்றுவரை விடவில்லை.

இரண்டாம் நாள் உன்னைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நடுவில் கொஞ்ச நேரம் தெளிவு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்தது. அம்மா வராந்தாவில் செபமாலையோடு இருந்தாள். உன் குரல் உன்னுடையதாகவே இருந்தது.

“நிஜமா உடம்பைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

தலையை ஆட்டினாய். நம்பினாயா, இவள் சொல்லமாட்டாள் என்று விட்டுவிட்டாயா. எதற்காகக் கேட்டாய். தெரிந்துகொண்டு என்னை மன்னிக்கவா. அல்லது, விதிகள் சரியாகத்தான் இருந்தன, இது வெறும் விபத்து என்று நிம்மதியாகப் போகவா. இரண்டாவதாக இருந்தால் நான் சொன்னது நல்லது. இப்படி எனக்கே சொல்லிக்கொள்வேன். ராத்திரி மூன்று மணிவரை தாங்கும். அதன் பிறகு தாங்காது, எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

அடக்கத்தன்று கன்னியம்மா நடந்தே வந்தார். அம்மா அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினாள்.

“உன் ஆட்டுக்கு என் பிள்ளையா? இனிமே இந்த வாசல்ல காலை வைக்காதே!”

கன்னியம்மா என்னிடம் திரும்பினார், நான் படித்தவள் என்பதால். “எங்க டைகரையும் அந்த நரிதாம்மா கெடுத்துச்சு. அது ஓடிப் போறதுக்கு ஒரு மாசம் முன்னால பட்டப்பகல்ல பட்டிக்குள்ள பூந்து மூக்க கடிச்சுது. அப்பால அந்த நாயி நாயாவே இல்ல. கடசி ரெண்டு நாளா தண்ணி தொடல. கட்னா அத்துகினு ஓடுது. நான் தம்பிகிட்ட சொல்லியிருக்கணும். எனுக்கு தோணல.”

அண்ணா, அந்த விடிகாலையில் உன்னை நான் விட்டிருந்தால் இதைத்தான் அவர் சொல்லியிருப்பார். “டைகரைச் சுட்டுட்டேன் அக்கா” என்று நீ சொன்ன மாத்திரத்தில், அது தண்ணீர் தொடவில்லை என்று அவர் சொல்லியிருப்பார். மதியத்துக்குள் முதல் ஊசி போட்டிருப்பாய். ஒரு சொல் என்று இத்தனை நாள் கணக்கு வைத்திருந்தேன். கோரையில் சொன்ன சொல் நாயைக் கொன்றது. உன்னைக் கொன்றது வாசலில் சொன்ன “வேண்டாம்.”

அன்று கேட்டருகே நான் வாய் திறக்கவில்லை. கன்னியம்மா திரும்பி நடந்தார். வெயில்.

இப்போது சட்டம் வந்திருக்கிறது. ராத்திரியில் விளக்கு காட்டி வேட்டையாடக் கூடாது. நூலகத்தில் நின்றபடி படித்தேன். விதிகளும் விலக்குகளும் எண் போட்டு வரிசையாக இருக்கின்றன. உன்னுடையவை சிலவும் அதில் இருக்கின்றன. அந்த இரண்டு சொற்கள் இல்லை. சட்டத்தில் எழுத முடியாததாக இருக்கலாம். பிடித்திருப்பவளின் கை வலிக்கும் என்பதை எந்த விதியில் எழுதுவது.

கல்லூரி ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருக்கிறேன். மாணவிகள் மைக்ராஸ்கோப்பில் குனிந்துவிட்டு உடனே நிமிர்வார்கள். “பாத்துட்டேன் மிஸ்.” வரையச் சொல்வேன். பாதிப் பேரால் முடியாது. மறுபடி குனியச் சொல்வேன். என்னைக் கொடுமைக்காரி என்கிறார்கள். உன்னிடமிருந்து என்னோடு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். யார் பார்த்தேன் என்றாலும் நம்பமுடியாமல் போனது. நான் சொன்னாலும்.

சற்று முன் கூடத்தில் அம்மா அந்தத் தாவணியைக் கிழித்துக் கரித்துணியாக மடித்தபடி, தனக்குத்தானே பேசுவதுபோல், “அந்தப் பாவி ஆட்டுக்காரி நல்லாத்தான் இருப்பா,” என்றாள். வாரம் ஒரு தடவையாவது சொல்வாள். கேட்டுக்கொண்டு சோறு தின்றிருக்கிறேன்.

இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டுப் போய் அம்மாவிடம் சொன்னேன்; மீதியைத் திரும்பி வந்து எழுதுகிறேன். கண், உடம்பு, டைகர், வாசல், ஆஸ்பத்திரி. எல்லாவற்றையும். அம்மா அடிக்கவில்லை. அழவும் இல்லை. மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, “அவளை அவ்வளவு பேசினேனே. நீ பக்கத்துல நின்னியேடி,” என்றாள். பிறகு, “எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்றே? அவகிட்டப் போய்ச் சொல்லு,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாலை பஸ்ஸில் போய் இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்தேன். கன்னியம்மா ஆடுகளைப் பட்டிக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். அடைத்து முடிக்கும்வரை நின்றேன். சொன்னேன். அவர் படலைக் கட்டிய கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

“எங்க பொதச்சீங்க?”

கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினேன்.