பேச்சைப் பிடுங்கிப் பார்த்த வாரம்

ஜனவரி 5, திங்கள்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட துப்பட்டா பக்கத்து வீட்டு மாமரத்தில். மூக்கெல்லாம் தூசி. பேச்சுச் சிகிச்சை கிளினிக்கில் மூன்று பேர். மதியம் ஆராய்ச்சி கைடு.

கைடு பேச ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் தலைவலி. காதர் பாயின் பேச்சு முன்னேற்ற வரைபடத்தைத் திரையில் போட்டார். (தீசிஸில் 'பி-1'. பெயர் போடக் கூடாது. இங்கே காதர் பாய்தான்.)

"நல்லா ஏறியிருக்கு. ஆனா உன் சிகிச்சையாலதான் பேசறார்னு எப்படிச் சொல்லுவ? பக்கவாதம் வந்தவங்க தானாவே கொஞ்சம் தேறுவாங்க. நிறுத்திப் பாரு, இறங்கணும். மறுபடி குடு, ஏறணும். அப்பத்தான் கமிட்டி ஒத்துக்கும்."

முறை எனக்குத் தெரியாதா? ஜூனியர்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். ஒரே ஆள், அவருக்கு அவரே ஒப்பீடு. முதலில் சும்மா பார். சிகிச்சை கொடு. நிறுத்து. மறுபடி கொடு. நகம் கடிக்கிறவனுக்குச் சரி. பேச்சு என்ன தண்ணீர்க் குழாயா, திறந்து மூட?

வேறு வழி இருக்கிறது என்றேன். மூன்று பேருக்கு வேறு வேறு நாளில் சிகிச்சையை ஆரம்பித்தால் போதும், யாரிடமிருந்தும் எதையும் பிடுங்க வேண்டாம். "இன்னும் ரெண்டு ஆளுக்கு எங்க போவ? பிஎச்டி பதிவு முடிய எத்தன மாசம் இருக்கு? அதுவுமில்லாம, நிறுத்திப் பார்ப்பேன்னு திட்டத்துல எழுதினது நீதானே?"

நான்தான் எழுதினேன். அப்போது காதர் பாயைத் தெரியாது.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அத்தனை பதிலும் வந்தது. என் மேலேயே எரிச்சல்.

வாங்க வேண்டியது: சோப்பு, மூக்கடைப்புக்கு ஏதாவது, ரீசார்ஜ்.

ஜனவரி 7, புதன்

கோவிந்தாபுரம். கொல்லங்கோட்டில் இறங்கி மாறி, நின்றுகொண்டே போனேன்.

காதர் பாய்க்கு மாட்டுத் தீவனக் கடை. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. பின்னாலேயே வீடு. போன மழைக்காலத்தில் ஸ்ட்ரோக். எல்லாம் புரிகிறது, வார்த்தைதான் வாய்க்கு வர நேரமாகிறது. அதற்குள் மனைவி சபியாம்மா சொல்லிவிடுவார், இல்லையென்றால் மகன் அன்சாரி. பாய் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். என் சிகிச்சை வேறொன்றுமில்லை. அவரிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடி அவர் முகத்தைப் பாருங்கள், காத்திருங்கள். இதைப் பழக்குவதற்கே வாரக்கணக்கில் ஆனது. காத்திருந்தார்கள், வார்த்தை வந்தது. "தவுடு." "நாளைக்கி." "டீ வேண்டாம்."

இன்று சமையலறையில் நின்றுகொண்டு இருவரிடமும் சொன்னேன். பத்து நாள், பழையபடி அவருக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் முன்னால் கடையில் உட்கார்ந்திருந்தார்.

சபியாம்மா அடுப்பை அணைத்தார். "ஏனுங்க டாக்டரம்மா, இப்பத்தானுங்க வாயத் தொறந்தாரு. மறுக்கா மூடச் சொல்றீங்ளே?"

"ஆராய்ச்சிக்குத்தாம்மா. அப்புறம் திரும்பப் பேச வெச்சிடலாம்."

"வருமுங்களா?"

"வரும்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

அந்த அம்மா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா செய்யறமுங்க" என்று தட்டில் அரிசிப் பத்திரி வைத்தார். இரண்டு சாப்பிட்டேன். வெட்கமில்லாத வயிறு.

ஜனவரி 9, வெள்ளி

தினமும் கடையில் அரை மணி நேரம் அன்சாரி போனில் எடுத்து அனுப்புகிறான். அவரைக் கேட்ட கேள்விகளில் எத்தனைக்கு அவரே பதில் சொன்னார் என்று பார்த்து, நாளுக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

புள்ளி இறங்கிவிட்டது. சரிந்தே விட்டது.

இன்றைய வீடியோ. ஜும்மா முடிந்து ஒருவர் வந்து, "எப்படி இருக்கறீங்க பாய்?" என்கிறார். காதர் பாய் உதட்டைக் குவிக்கிறார். நல்லா என்பதற்கு அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார், எனக்குத் தெரியும். அதற்குள் அன்சாரி, "அத்தா இப்போ பரவால்லீங்க." குவிந்த உதடு அப்படியே ஒரு நிமிடம் இருக்கிறது. பிறகு மூடிக்கொள்கிறது. அதற்கப்புறம் வந்த யாருக்கும் அவர் முயற்சிகூடச் செய்யவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வரைபடம் கைடுக்குப் போனது. குஷியாக உடனே பதில்: "அடிபொளி!"

போனைத் தூக்கி எறியத் தோன்றியது. இன்னும் தவணை முடியாத போன், எறியவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

துணி துவைத்தது. தலைக்குக் குளித்தது. கட்டுரை எழுத உட்கார்ந்து ஒரு வரிகூட ஓடவில்லை.

சூரியநெல்லியிலிருந்து தம்பி போன். "ஏக்கா, பொங்கலுக்கு வாறியா இல்லியா? அம்மா கேக்கச் சொன்னா."

வரவில்லை என்றேன். ஏன் என்றான். யாரிடமாவது கொட்ட வேண்டியிருந்தது, எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "குடுத்த மருந்தப் புடுங்கிட்டு நோவு திரும்ப வருதான்னு பாக்கதுக்கா ஒனக்கு டாக்டர் பட்டம்? நம்ம எஸ்டேட் கம்பவுண்டரே தேவல போல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சுர்ரென்றது. உனக்கு என்ன தெரியும் என்று கத்தி வைத்துவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான். கத்த வேண்டிய ஆள் பாலக்காட்டில் ஏசி அறையில் இருக்கிறார், அவரிடம் "சரி சார்."

ஜனவரி 14, புதன்

நேரில் போனேன். மாட்டுப் பொங்கல் வருகிறதே, கடையில் கூட்டம். கன்றுக்குக் கயிறு, மணி, எல்லாம் தொங்குகிறது. ஒரு மூலையில் மூட்டைமேல் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தேன். காதர் பாய் நாற்காலியில், வழக்கம்போலச் சாலையைப் பார்த்துக்கொண்டு.

முதலமடைப் பக்கத்து ஆள் ஒருவர். "ஏனுங் பாய், பருத்திக்கொட்டை புதுசுங்களா?"

அன்சாரி நான் சொன்னபடி முந்திக்கொண்டான். "புதுசுதானுங்க. நேத்துத்தான் லோடு வந்துச்சு."

காதர் பாய் திரும்பினார். கழுத்து நரம்பு புடைத்தது. "ப... ப..."

"அத்தா, நான் சொல்லிட்டனுங்க."

"பழசு!" நாற்காலியின் கையில் ஓங்கி ஒரு தட்டு. "பழசு. வேண்டாம்."

அன்சாரிக்கு முகம் தொங்கிவிட்டது. அந்த ஆள் சிரித்துவிட்டு, "சரிங் பாய், நீங்க சொன்னாச் சரி" என்று தவிடு மட்டும் வாங்கிக்கொண்டு போனார். உள்ளே சபியாம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்குகிறார்.

அதற்குப் பிறகு யாரையும் அவர் முந்த விடவில்லை. அன்சாரி வாயைத் திறந்தால் நாற்காலியில் ஒரு தட்டு. தெளிவோ இல்லையோ, பதில் அவருடையது.

புள்ளி எகிறிவிட்டது. நிறுத்திய நாட்களில் இறங்கியே இருக்க வேண்டும்; என் ஆராய்ச்சிப்படி இது தோல்வி. பஸ்ஸில் எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். இங்கே லீவு. விடுதியில் ரவைப் பொங்கல், கல் போல.

கைடு போன். "அந்த ஒரு புள்ளி எல்லாத்தையும் கெடுக்குது. அன்னிக்குப் பண்டிகைக் கூட்டம், சூழ்நிலையே வேற. விட்டுடு. செஷன் நடக்கலன்னு போடு."

"நடந்தது சார். நான் அங்க இருந்தேன்."

"உனக்கு டிகிரி வேணுமா வேண்டாமா?"

இந்தத் தடவை "சரி சார்" வரவில்லை. "புள்ளி இருக்கும் சார். இனிமே நிறுத்தியும் வைக்க மாட்டேன்" என்றேன். அவர் ஏதோ சொன்னார், "அப்ப வேற கைடு பாத்துக்கோ" என்கிற மாதிரி. வைத்துவிட்டார்.

என்ன ஆகும் தெரியாது. பசித்தது. கல் பொங்கலையே சாப்பிட்டேன்.

ஜனவரி 17, சனி

கோவிந்தாபுரம். காற்று இன்னும் அடங்கவில்லை. இனி பழையபடி காத்திருங்கள், ஆராய்ச்சி எப்படிப் போனாலும் போகட்டும் என்று சொல்லப் போனேன். சபியாம்மா கையெடுத்தே கும்பிட்டுவிட்டார். அது இன்னும் கூச்சமாக இருந்தது.

டீ கொடுத்தார். கடை முன்னால் காதர் பாய்க்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. அவரிடம் கேளுங்கள், அவரிடம் கேளுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள், பத்து நாள் உங்கள் பேச்சை நிறுத்தட்டுமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமையலறையில் வைத்து முடிவு செய்தேன்.

"உங்ககிட்டதான் பாய் நான் மொதல்ல கேட்டிருக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

"அய்ய, அதெல்லாம் அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாருங்க டாக்டரம்மா" என்றார் சபியாம்மா.

காதர் பாய் கையைத் தூக்கினார். சபியாம்மா நிறுத்திக்கொண்டார். அன்சாரி தராசை அப்படியே விட்டுவிட்டு நின்றான். என் டீயில் ஆடை படிந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், உதடு இரண்டு முறை தப்பியது.

"நெனச்சேன்" என்றார்.