என் பக்கத்துப் பிரேக்

மார்ச் 3, செவ்வாய்

பதினாறு வருஷமாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன். பெற்ற பெண்ணுக்கு ஏழு நிமிஷம் கற்றுத்தர முடியவில்லை. பயிற்சிக் காரில் எனக்கென்று என் பக்கத்தில், காலடியில் ஒரு பிரேக் உண்டு. இன்று அதைப் பதினோரு முறை மிதித்தேன். காலி ரோடு! மகள் சாவியை என் மடியில் போட்டுவிட்டு இறங்கினாள். "உனக்கு 'பிரேக் மேடம்'னு பேரு வச்சவங்களுக்குக் கோயிலே கட்டலாம்மா."

மார்ச் 5

பேச்சு இல்லை. வேறு டிரைவிங் ஸ்கூலில் சேரப்போகிறாளாம். அவள் அப்பா மூலமாகத் தகவல். வேறு ஸ்கூல்! இதைவிட அவமானம் வேண்டுமா எனக்கு?

மார்ச் 8, ஞாயிறு

ஆன்லைனில் கவுன்சிலிங் எடுத்துக்கொள்ளச் சொன்னார் இவர். "எனக்கென்ன பைத்தியமா?" என்று எகிறினேன்.

"உனக்கு இல்ல. உன் காலுக்கு."

மார்ச் 10

சீட், கண்ணாடி, பெல்ட் பார்க்காமல் யாரையும் வண்டியை எடுக்க விடமாட்டேன். இதில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பேனா? ஆலோசகரிடம் ஃபோனில் கேட்டுவிட்டேன். என்ன படித்தீர்கள்? எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்? நான் சொல்வது வெளியே போகுமா? உயிருக்கு ஆபத்து என்று பட்டால் ஒழிய யாரிடமும் சொல்ல மாட்டாராம். ஒத்துவராவிட்டால் வேறு ஆளிடம் மாறிக்கொள்ளலாம், தனக்கு வருத்தமே இல்லை என்றார். மகளிடம் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பது ஞாபகம் வந்தது.

நடுவில் லைன் போனால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்று அவரே கேட்டார். இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 12

முதல் நாள். தனியாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்றார். வீட்டில் சுவருக்கெல்லாம் காது. காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் என் சீட்டிலேயே உட்கார்ந்தேன். ஆலோசகர் சின்னப் பெண். முக்கால் மணி நேரம் என் மாணவர்களைப் பற்றியே அளந்தேன். நன்றாகச் சிரித்தார்.

பிறகு, "க்ரீச்னு ஒரு சத்தம் வருதே, என்ன அது?" என்றார். "உங்க பொண்ணைப் பத்திக் கேட்டா மட்டும் வருது."

குனிந்து பார்த்தேன். என் கால், பிரேக் மேல். அடப்பாவி காலே!

மார்ச் 19

ஒன்றும் நடக்கவில்லை. முதல் வாரமே நெடுஞ்சாலைக்குப் போகணும் என்று குதிக்கும் மாணவன் மாதிரி ஆகிவிட்டேன். "மெதுவாப் போவோம்" என்றார். என் வசனம் அது! க்ரீச் — நாலு தடவை.

மார்ச் 26

சொல்லிட்டேன்.

அவளுக்கு அப்போ மூணு வயசு. நான்தான் ஓட்டினேன். கீழே விழுந்த பொம்மையை எடுத்துக் கொடுக்கத் திரும்பினேன் — சுவர். நெற்றியில் நாலு தையல். ஊஞ்சலில் இருந்து விழுந்தாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். வெளியூரில் இருந்த இவரிடமும்தான். பதினேழு வருஷம்! எப்படி முடிஞ்சது என்னால?

ரொம்ப அழுதேன். அழுது முடித்துப் பார்த்தால், கால் சும்மா இருந்தது.

"மகள்கிட்ட சொல்லணுமா?" என்றேன். "உங்களுக்கு என்ன தோணுது?" என்கிறார். இதற்கா இவ்வளவு படித்தார்?

மார்ச் 29, ஞாயிறு

சமையலறையில் வைத்து இரண்டு பேரிடமும் சொன்னேன். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார் இவர். வலித்தது. நியாயம்தான்.

மகள் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இந்த வயசு வரைக்கும் நான் ஒரு ஊஞ்சல்ல ஏறினதில்ல, தெரியுமா? பாவம்மா அந்த ஊஞ்சல்."

மூன்று பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அழவும் செய்தேன்.

மே 10, ஞாயிறு

மகளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. அந்த இன்னொரு ஸ்கூல்காரர் நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார், போகட்டும். பூங்காவுக்குப் போகணுமாம், ஊஞ்சலிடம் மன்னிப்புக் கேட்க. "வரியாம்மா?"

பயிற்சிக் காரில் என் பக்கத்து முன்கதவைத் திறந்தேன். மூடினேன். பின் சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டேன்.

முதல் திருப்பத்தில் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "கால் என்ன பண்ணுது?"

"சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு. நீ ரோட்டைப் பாரு."