திருக்கை வாலை வெட்டிய கிழமை

மார்ச் 6, வெள்ளி

வாடைக் காற்று அடங்கிவிட்டது. புழுக்கம். நண்டுக் கம்பனியில் பின்னேரம் வரை வேலை. வாங்க நினைத்தது சவர்க்காரம், பனடோல், டிலானிக்குக் கொப்பி. ஒன்றும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் டிலானி மாதா சுரூபத்தடியில் முழந்தாளில். என் பிள்ளை. எட்டு வயது. இரண்டு கையும் விரித்தபடி. பின்னால் கதிரையில் அப்பா, காயவைத்த திருக்கை மீன் வாலோடு. என்னை அடித்து வளர்த்த அதே வால். இறைச்சி தொடக்கூடாத தவக்கால வெள்ளியில் கோழி ரோல்ஸ் தின்றுவிட்டாளாம். வகுப்பில் சிநேகிதி ஒருத்தியின் பிறந்தநாள். நல்ல ருசி என்று தாத்தாவிடமே வந்து சொல்லியிருக்கிறாள், விசரி.

முதுகில் ஒரு கோடு ஏற்கெனவே. இரண்டாவது அடி இறங்கும்போது பாய்ந்து வாலைப் பிடித்தேன். அதன் முள் உள்ளங்கையைக் கிழித்தது. விடவில்லை. இழுத்த இழுவையில் அப்பா கதிரையோடு சரிந்தார். அவருக்கு மேலேயே வாலை ஓங்கினேன். அடிக்கத்தான் ஓங்கினேன், இங்கே பொய் எழுதி என்ன. டிலானி என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்த அதே கண்.

குசினிக்குப் போய், மீன் வெட்டும் கத்தியால் வாலைத் துண்டு துண்டாக வெட்டினேன். பலகையெல்லாம் என் இரத்தம். முற்றத்தில் எறிந்தேன். நாய் மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"அப்பனுக்கு ஓங்கின கை காய்ஞ்சு போகும். இருந்து பார்," என்றார் அப்பா.

சின்ன வயதிலிருந்து கேட்டது. எத்தனை இரவு என் கை சுள்ளியாகிக் கிடப்பதாகக் கனவு கண்டிருப்பேன். இப்போதும் பயம்தான்.

மார்ச் 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காய்ச்சல். கை மணிக்கட்டு வரை வீக்கம், நெருப்புச் சூடு.

அம்மா பார்த்துவிட்டு என் நெற்றியில் சிலுவை போட்டார். "தொடங்கீட்டுது பிள்ளை. போய் அப்பாட்ட மன்னிப்புக் கேள்."

சிரிக்கப் பார்த்தேன். எழும்பிப் போனேன், அவருடைய அறை வாசல் வரை. காலில் விழுவதென்றே போனேன். வெட்கக்கேடு.

பின்னால் டிலானி. "நான் ரோல்ஸ் திண்டதாலதானே உங்கட கை காயுது? நானும் முழந்தாளில நிக்கட்டே அம்மா?"

இரண்டு நாளில் அவளுக்கும் இந்தப் பயத்தை ஏற்றிவிட்டார்கள். கதவை ஒரு உதை உதைத்துவிட்டுத் திரும்பினேன். டிலானியையும் கூட்டிக்கொண்டு ஓட்டோ. ஆசுபத்திரி. கையைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். உயிர் போய் வந்தது. டிலானியை வெளியே அனுப்பவில்லை, பார்க்கட்டும் என்று. தாதியிடம் அவளே கேட்டாள், இது கடவுள் செய்ததா என்று. மீன் ஊத்தை செய்தது என்றாள் தாதி; வெள்ளிக்கிழமையே கழுவி மருந்து கட்டியிருக்க வேண்டும் என்று எனக்குப் பேச்சு விழுந்தது. இவ்வளவு சந்தோசமாக நான் பேச்சு வாங்கியதில்லை.

மார்ச் 11, புதன்

விரல்கள் மடிகின்றன. நாளை வேலைக்குப் போகலாம். இடக்கையால் சமைத்த குழம்பு, உப்புக் கூடிவிட்டது.

பின்னேரம் அப்பா செபமாலைக்குக் கூப்பிட்டார். டிலானி பாயில் சம்மாணம் கொட்டி இருந்தாள். முழந்தாளில் நிற்கச் சொன்னார்.

"இருந்துகொண்டு சொல்லுறன் தாத்தா. மாதாவுக்குக் கேக்கும்."

கை ஓங்கினார். எழும்பி நடுவில் நின்றேன். என் குரல் எனக்கே புதிது.

"அவளில கை பட்டா, உங்கட கையை முறிப்பன் அப்பா."

ஓங்கிய கை இறங்கியது. டிலானி இருந்தபடியே செபத்தைத் தொடங்கிவிட்டாள், நல்ல சத்தமாக. அவள் சொல்லி முடிக்கும்வரை நான் நடுவில்தான் நின்றேன்.